அருகில் நிற்பவர் கடமை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் நாடகமும் காத்திருக்கும் மேடையில் நின்று மருத்துவமனையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று நாங்கள் முதலில் தயங்கினோம். ஆயினும் ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தேஹு ரோட்டிலும் பிம்ப்ரியிலும் சிதறி வாழும் நம் குடும்பங்கள் ஆண்டில் ஒரு நாள்தான் ஒரே கூரையின்கீழ் கூடுகின்றன. ஆகவே இதனைச் சொல்வதற்கும் இன்றைய நாளை விட்டால் வேறு நாள் இல்லை. குழந்தைகளின் நடனம் சற்றே தாமதமானால் அவர்கள் எங்களைப் பொறுத்தருள்வார்களாக.

நோயுற்றவர் ஒருவர் மருத்துவமனைக்குச் செல்லும்போது அவர் அருகில் நின்று, அவர் சொல்ல விரும்புவதைச் சொல்ல உதவி, அவருக்கு உரியதைக் கேட்டுப் பெறத் துணைசெய்யும் பணியொன்று உண்டு. அதற்குத் தமிழில் என்ன பெயரிடுவது என்று எண்ணிப் பார்த்தோம். ‘சிபாரிசு’ என்னும் சொல் நமக்கு நன்கு பழகியது. ஆனால் சிபாரிசு என்பது பெரிய மனிதர் ஒருவர் தமக்குள்ள செல்வாக்கைக் கொண்டு வரிசையில் நிற்பவரை முன்னே தள்ளிவிடுவது. அதனால் பின்னே தள்ளப்படுகிறவரும் ஒரு நோயாளியே. ‘வக்காலத்து’ என்றாலோ, ‘உனக்கென்ன அக்கறை?’ என்ற கேள்வி உடனே பிறக்கிறது. நாங்கள் கருதுவது இவ்விரண்டும் அன்று. துணைநின்று பேசுதல் என்று இப்போதைக்குச் சொல்லி வைப்போம்.

நாங்கள் சிலர் சில ஆண்டுகளாக, அழைத்தவர்களுடன் மருத்துவமனைக்குச் சென்று வருகிறோம். மராட்டி பேசத் தெரியும் என்பது ஒன்றே எங்களுக்கிருந்த தகுதி. அதுவே போதுமென்றும் நினைத்திருந்தோம்.

மொழித் துன்பம் சிறிதன்று. நம் தாய்மார்கள் வலியைச் சொல்லும் வகையைக் கேளுங்கள். குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, உளைகிறது, கரிக்கிறது, சுண்டி இழுக்கிறது, மதமதவென்று இருக்கிறது என்பார்கள். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நோயின் அடையாளம். நெஞ்சு கரிப்பது வேறு; நெஞ்சை அழுத்துவது வேறு. இவ்வளவையும் நமக்குத் தெரிந்த அரைகுறை மராட்டியில் ‘துக்தே’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மராட்டியிலும் வலிக்குச் சொற்கள் பல உண்டு. கடைத்தெருவில் மொழி கற்ற நமக்கு அவை வாய்ப்பதில்லை. டாக்டர் தம்மிடம் வந்து சேர்ந்த ஒற்றைச் சொல்லுக்கே மருந்து எழுதுகிறார். அவரைக் குறை கூறி என்ன பயன்?

மொழியைக் கடந்த தவறொன்றை நாங்களே செய்தோம். அதைச் சொல்லவே இங்கு வந்தோம் என்றாலும் பொய்யாகாது.

எழுபதைக் கடந்த பாட்டியார் ஒருவர். சர்க்கரை நோய் உடையவர். கால் விரலில் புண் ஆறவில்லை. மகன் தொழிற்சாலையில் பணிபுரிபவர். விடுப்புக் கிடைக்காமையால் எங்களை அழைத்தார். அந்த அம்மையாருடன் நாங்கள் இருவர் சென்றோம். டாக்டருடன் இருபது நிமிடம் தெளிவாகப் பேசினோம். விரலை எடுத்துவிட வேண்டும், காலம் தாழ்த்தலாகாது என்றார் அவர். அறுவைக்கு நாள் குறித்தோம். கட்டணச் சலுகைக்கான தாள்களையும் எழுதிக் கொடுத்தோம். வீடு திரும்பும்போது எங்கள் திறமையைப் பற்றி எங்களுக்கே ஒரு பெருமிதம் இருந்தது.

குறித்த நாளில் பாட்டியார் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வீட்டுக்குச் சென்றால் கதவருகே உட்கார்ந்திருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெடுநேரம் கழித்து, “நீங்க எல்லாரும் பேசினீங்க தம்பி. என்கிட்ட ஒரு வார்த்தை யாரும் கேக்கலையே” என்றார்.

நாற்பது ஆண்டு இந்நகரில் காய்கறி வாங்கியவர் அவர். மராட்டி சிறிது காதில் விழும். மராட்டியில் ‘பாய்’ என்றால் கால். கால் விரலைக் குறிக்கும்போதும் அச்சொல் வரும். அதனோடு ‘வெட்ட வேண்டும்’ என்ற சொல்லையும் அவர் கேட்டிருக்கிறார். எங்கள் பேச்சு முழுவதிலும் அவருக்கு விளங்கியவை இவ்விரண்டுமே. காலை எடுத்துவிடப் போகிறார்கள், அதற்கு நாங்களும் உடன்பட்டுவிட்டோம் என்று எண்ணி, கால் போய் வாழ்வதைவிடக் காலோடு போய்ச் சேர்வதே மேல் என்று முடிவு செய்திருந்தார். ‘பாட்டி, ஒரு விரல்தான்’ என்று அவர் பக்கம் திரும்பிச் சொல்ல எங்களுக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது.

மீண்டும் சென்றோம். இம்முறை டாக்டருக்கு எதிரே இருந்த நாற்காலியில் அவரை உட்கார்த்திவிட்டு நாங்கள் பின்னால் நின்றோம். அவர் கேட்டவை இரண்டே கேள்விகள்: நடக்க முடியுமா? எவ்வளவு தூரம் வெட்டுவீர்கள்? டாக்டர் ஒரு தாளில் பாதத்தை வரைந்து கோடிட்டுக் காட்டினார். ‘சரி’ என்றார் பாட்டியார். இடையில் பதினொரு நாள் கடந்துவிட்டிருந்தது. ஒன்றோடு முடிய வேண்டியது இரண்டு விரலாயிற்று. டாக்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை, பாட்டியாரும் கடியவில்லை. இன்று அவர் கைத்தடியுடன் நடக்கிறார். நாங்கள் மட்டும் அந்தப் பதினொரு நாளை மறக்கவில்லை.

அருகில் நிற்பவர் தம் சொல்லைப் பேசுவதற்கு நிற்கவில்லை. நோயாளியின் சொல்லைக் கொண்டு சேர்ப்பதற்கு நிற்கிறார். அவர் விருப்பம் நமக்கு உவப்பில்லாததாயினும் அதையே சொல்ல வேண்டும். நம் கருத்தை அவரிடம் தனியே சொல்லலாம். டாக்டரிடம் அவர் கருத்தாகச் சொல்லலாகாது. இது கேட்பதற்கு எளிது. அன்புடையவர்களுக்குச் செய்வதற்கு மிகவும் கடினம். மகனும் மருமகளும் அன்பின் காரணமாகவே, ‘அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, எங்களிடம் சொல்லுங்கள்’ என்கிறார்கள்.

சட்டமும் இவ்வழியே வந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்குச் சிகிச்சை பெறும் எவரும் தமக்காகப் பேசும் ஒருவரைத் தாமே வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு நியமிக்கலாம் என்கிறது. அவ்வாறு நியமிக்கப்பட்டவர் நோயாளியின் இன்றைய விருப்பத்தையும் முன்னாள் விருப்பத்தையும் வாழ்க்கை வரலாற்றையும் பண்பாட்டையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்றும் விதிக்கிறது. அச்சட்டத்தை வரைவதில் நம் புனேயிலுள்ள இந்தியச் சட்டச் சங்கத்தைச் சார்ந்த அறிஞர்களுக்குப் பங்குண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், முடிவு செய்யும் ஆற்றலை இழந்து, கேட்பாரும் அற்றவராய் இருக்கும் நோயாளிக்குப் பெரிய சிகிச்சை அளிக்கும் முன், அவருக்காகப் பேச ஒருவரைச் சட்டப்படி அமர்த்தும் ஏற்பாடு 2007 முதல் நடைமுறையில் உள்ளது.

இனி, இந்நகரின் பழங்கதை ஒன்று. கதையன்று, வரலாறே.

1897-ஆம் ஆண்டு, அன்று பூனா எனப்பட்ட இவ்வூரைப் பிளேக் நோய் சூறையாடியது. படைவீரர்கள் வீடுதோறும் புகுந்து நோயாளிகளைத் தேடினர். ஐயத்துக்கு உரியவர்களை மருத்துவமனைக்கும் தனிமை முகாமுக்கும் கொண்டு சென்றனர். இழுத்துச் செல்லப்பட்டவரின் சொல்லைக் கேட்பார் இல்லை. அந்நாளில் மூவர் மூன்று விதமாக நோயாளிக்குத் துணைநின்றனர். சாவித்திரிபாய் புலே அம்மையார், தம் வளர்ப்பு மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை நிலையத்துக்கு நோயுற்ற சிறுவனொருவனைத் தாமே சுமந்து சென்றார். அந்நோயே பற்றி மார்ச் 10-ஆம் நாள் உயிர் நீத்தார். பண்டித ரமாபாய், பிளேக் மருத்துவமனையில் பெண்கள் நடத்தப்பட்ட முறையைக் கண்டித்து ‘பாம்பே கார்டியன்’ ஏட்டுக்கு எழுதினார். தம் இல்லத்துப் பெண்ணொருத்திக்கு நேர்ந்ததையும் அவர் மறைக்கவில்லை. அரசு மறுத்தது, அவர் பின்வாங்கவில்லை.

மூன்றாமவர் கோபாலகிருஷ்ண கோகலே. அவர் அப்போது வெல்பி குழுவின்முன் சாட்சியம் அளிக்க இங்கிலாந்தில் இருந்தார். புனேயிலிருந்து நண்பர்கள் எழுதிய கடிதங்களை நம்பி, சோதனையிட வந்த படைவீரர்கள் பெண்களிடம் கொடுமை புரிந்ததாக அங்குள்ள பத்திரிகையில் கூறினார். நாடு திரும்பியபோது, கடிதம் எழுதியவர்கள் தம் பெயர் வெளிவர இசையவில்லை. ஆதாரம் காட்ட வழியின்றிக் கோகலே பகிரங்கமாக மன்னிப்புக் கோர நேர்ந்தது. அவர் உள்ளம் தூயது. இதில் எங்களுக்கு ஐயமே இல்லை. ஆனால் துன்புற்றவர் உடன் நிற்காதபோது, அவர் பெயரால் எழுப்பிய குரல் பாதி வழியில் நின்றுவிட்டது. ரமாபாய்க்கோ தாம் பேசிய பெண் இன்னாரென்று தெரியும்.

கோகலே அத்தோடு சோர்ந்துவிடவில்லை. 1905-இல் இதே நகரில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். 1907-இல் அதில் சேர்ந்து, 1915-இல் கோகலே மறைந்தபின் அதன் தலைமையை ஏற்றவர் வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் என்பது நமக்குப் பெருமை தருவது. புனேக்கு வந்த தமிழர் வேலை தேடி மட்டும் வந்தவர் அல்லர் என்பதற்கு இவ்வொரு பெயர் போதாதா?

பிளேக் காலத்தில் பேசியவர்கள் தலைவர்கள். நம் காலத்தில் நோயாளிகளே பேசும் ஒரு முறை இம்மாநிலத்தில் உருவானது. தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின்கீழ் 2007-இல் புனே, தாணே, அமராவதி, நந்துர்பார், இன்று தாராசிவ் எனப்படும் உஸ்மானாபாத் ஆகிய ஐந்து மாவட்டங்களில் மக்கள் கண்காணிப்பு தொடங்கிற்று. மாநில அளவில் அதனை ஒருங்கிணைத்தது புனேயில் இயங்கும் ‘சாத்தி’ என்னும் அமைப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறாரா, மருந்து இருக்கிறதா, பணம் கேட்கிறார்களா என்று கிராமத்தாரே கேட்டறிந்து, நன்று என்றால் பச்சை, ஓரளவு என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு என்று குறித்தார்கள். எழுத்தறியாதவரும் அந்தத் தாளைப் படிக்கலாம் அல்லவா? பின்னர் ‘ஜன் சுன்வாயி’ என்னும் மக்கள் மன்றத்தைக் கூட்டினார்கள். அதிகாரிகள் ஒரு பக்கம். பாதிக்கப்பட்ட பெண் எழுந்து நின்று, தனக்கு நேர்ந்ததைத் தன் வாயாலேயே சொல்வாள். அதிகாரி அங்கேயே விடை கூற வேண்டும். துணைநின்ற தொண்டர்களின் வேலை அவளை அதுவரை கொண்டு வந்து சேர்ப்பதும், அவள் பேசும்போது பக்கத்தில் அமர்ந்திருப்பதுமே.

நகரத்தில் நமக்குள்ள நிலை வேறு. இங்கே மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்ற அறிவுக்கே குறைவு. சாசூன் பொது மருத்துவமனை 1867-இலிருந்து நிற்கிறது. அதற்கு வாரி வழங்கிய டேவிட் சாசூன் பாக்தாதிலிருந்து வந்து குடியேறியவர்; அவரும் நம்மைப் போல வந்தேறியே. கட்டடம் நிறைவெய்தும் முன்பே, 1864-இல் இந்நகரிலேயே காலமானார்.

அரசு மருத்துவமனைக்கு அப்பால், அறக்கட்டளைகள் நடத்தும் பெரிய மருத்துவமனைகள் பல இங்குள்ளன. மராட்டியில் ‘தர்மாதாய் ருக்ணாலய்’ என்பர். பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41-ஏஏ பிரிவின்கீழ், பம்பாய் உயர்நீதிமன்றம் 2006-இல் ஒரு திட்டத்தை உறுதி செய்தது. இத்தகைய மருத்துவமனை தன் படுக்கைகளில் 10 சதவீதத்தை வறியவர்க்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தை நலிந்த பிரிவினர்க்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். மொத்தக் கட்டண வருவாயில் 2 சதவீதத்தை வறிய நோயாளர் நிதியில் சேர்க்க வேண்டும். அவசர நிலையில் வரும் நோயாளியை உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். வறியவரிடம் முன்பணம் கேட்கலாகாது. 2025-இல் கருவுற்ற பெண்மணி ஒருவரின் மரணத்தையொட்டி, முன்பணம் கேட்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்து, விசாரணைகள் நடந்து, நகரம் முழுவதும் கொதித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முன்பு இவ்விதி இருப்பதே நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

‘இலவசம்’ என்றதும் நம்மவர் கூசுகிறார்கள். மானமுள்ள குடும்பம் கையேந்துவதா என்கிறார்கள். அறக்கட்டளை என்ற பெயரால் அம்மருத்துவமனைகள் பெறும் சலுகைகளுக்கு ஈடாகவே இப்படுக்கைகள் ஒதுக்கப்படுகின்றன. தகுதியுள்ளவர் கேட்பது பிச்சையன்று. தகுதியற்றவர் சிபாரிசால் அப்படுக்கையில் படுப்பதோ, மன்னிக்கவும், திருட்டு.

கேட்பது எப்படி? அங்குள்ள மருத்துவ சமூகப் பணியாளரை முதலில் காணுங்கள். பலர் அந்த மேசையைக் கடந்தே போய்விடுகிறார்கள். இப்பதவியின் பிறப்பே சுவையானது. 1895-இல் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற அம்மையாரை அமர்த்தியது, பணம் உள்ளவர்கள் இலவச சிகிச்சை பெறாமல் தடுப்பதற்காக. வாயிலில் காவலாக உட்கார்ந்தவர், ஏழைகளின் நிலையைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு உதவி தேடித்தருபவராக ஆனார். நம் நாட்டில் 1946-இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் இப்பதவி முதன்முதல் ஏற்பட்டது. அந்த மேசையில் பயன் கிட்டாவிடில், புனேயிலுள்ள அறக்கட்டளை இணை ஆணையர் அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடலாம்.

இங்கேதான் நம் காலனிக்கே உரிய சிக்கல் ஒன்று குறுக்கிடுகிறது. எந்தச் சலுகைக்கும் தாள் வேண்டும்: குடும்ப அட்டை, தாசில்தார் தரும் வருமானச் சான்று. மகாத்மா ஜோதிராவ் புலே மக்கள் நலவாழ்வுத் திட்டம் 2024 ஜூலை முதல் மாநிலத்துக் குடும்பங்கள் அனைத்துக்கும் விரிவடைந்திருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு. ஆனால் மகாராஷ்டிரக் குடும்ப அட்டையோ இருப்பிடச் சான்றோ இருந்தால்தான். நம்மவர் பலர் முப்பது ஆண்டு இங்கே உழைத்தும், அட்டையை மட்டும் ஊரில் அண்ணன் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறார்கள். அந்த அட்டை அங்கே அரிசி வாங்க உதவலாம். இங்கே இரவு இரண்டு மணிக்கு உதவாது. ஊர்ப் பற்று வேறு, முகவரி வேறு. இருப்பிடத்தை மாற்றி எழுதுவதால் சொந்த ஊர் நம்மைக் கைவிட்டுவிடாது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் ‘ஆரோக்கிய மித்ரா’ என்னும் உதவியாளர் இருப்பார். தாள் கையில் இருந்தால் அவர் வழி காட்டுவார்.

தனியார் மருத்துவமனைகளுக்கும் 2021-இல் மாநில அரசு விதி திருத்தியது. கட்டண விவரத்தையும் நோயாளியின் உரிமைகளையும் சுவரில் பார்வைக்கு வைக்க வேண்டும்; பணம் பாக்கி என்று இறந்தவர் உடலைத் தடுத்து வைக்கலாகாது. அந்தப் பலகையைத் தேடிப் படியுங்கள். மராட்டியில் இருந்தால் நம் பள்ளிப் பிள்ளைகளே படித்துச் சொல்வார்கள்.

முதியோரைப் பற்றி ஒரு சொல். பிள்ளைகள் பேணாத பெற்றோர்க்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில், அவர்கள் தாமே மனுச் செய்ய இயலாவிட்டால் அவர்கள் அனுமதி பெற்ற வேறொருவரோ அமைப்போ செய்யலாம் என்றிருக்கிறது. அனுமதி பெற்ற என்பதைக் கவனியுங்கள். 14567 என்ற தொலைபேசி எண் முதியோர் உதவிக்கென்றே உள்ளது. நம் காலனியில் இது யாருக்கும் தேவைப்படாது என்று சொல்ல எங்களுக்கும் ஆசைதான்.

எங்கள் வழக்கங்கள் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். புறப்படும் முன்பே நோயாளியிடம், ‘டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்லக் கூடாது?’ என்று கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்கிறோம். நாற்காலி அவருக்கு. டாக்டர் சொல்வதை ஒவ்வொரு வாக்கியமாகத் திருப்பிச் சொல்கிறோம், திரட்டிச் சொல்வதில்லை. கேஸ் பேப்பரின் படியொன்று அவர் வீட்டிலேயே இருக்க வேண்டும், எங்களிடம் அன்று. பெண்களுடன் பெண்களே செல்கிறார்கள். அங்கே கேட்டதை ஜாதி, குடும்பம், வாடகை வீடு எதைப் பற்றியதாயினும் வெளியே பேசுவதில்லை. இக்கடைசி வழக்கம் பிறழ்ந்ததால் ஒரு குடும்பம் எங்களை அழைப்பதையே நிறுத்திவிட்டது, அது நியாயமே.

மண்டப வாயிலில், செருப்பு விடும் இடத்துக்கு அருகே, நீல அட்டையிட்ட குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறோம். மராட்டி அறிந்தவர்களும் பகலில் ஓய்வுள்ளவர்களும் தம் பெயரையும் எந்தெந்தக் கிழமை வரக்கூடும் என்பதையும் எழுதலாம். பெண்கள் பெயர் இதுவரை நான்கே இருக்கின்றன, மிகக் குறைவு. துணை வேண்டுவோர் அதில் எழுத வேண்டாம். சங்கச் செயலாளரிடம் தனியே சொன்னால் போதும். எழுதுகோல் நூலில் கட்டியிருக்கிறது.